மெசினுக்கு ஒரு பங்கு

விடியற்புறம் உட்துறைமுக வீதியில் லொறிகள் வரிசை பிடிக்கிற நேரத்துக்குப் பாலையூற்றிலிருந்து இடியப்பப் பெட்டிகளும் வந்துவிடும். ஒரே ஓட்டோவில் மூன்று பெண்கள். ஆளுக்கொரு பெட்டி மடியில், ஆவி போகாமல் மேலே வாழையிலையும் வெள்ளைத் துணியும். ஞானமலரின் சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கி, பெட்டியை மேசையில் வைத்து, பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டுப் போவார்கள். அது குடித்து முடிவதற்குள் ஊர்ப் புதினம் முழுதும் ஒரு சுற்று வந்துவிடும். பல வருசமாக நடக்கிற வழக்கம்.

அன்றைக்கு அவர்கள் இறங்கியபோது கடையின் நெற்றியில் ஒரு புதுப் பலகை தொங்கியது. அன்னலட்சுமிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. மூவரிலும் இளையவளான லோஜினிதான் சத்தமாக வாசித்தாள்.

“கை படாத, சுத்தமான மெசின் இடியப்பம்.”

வாசித்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற இருவரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

ஞானமலர் குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். இனிமேல் இடியப்பம் கொண்டுவர வேண்டாம் என்று அந்த மூவருக்கும் சொல்லவேண்டும் என்று ஒரு கிழமையாக நினைத்து நினைத்து, ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. முந்தின நாள் பின்னேரம் பலகையை மாட்டிவிட்டாள். பலகை சொல்லட்டும் என்று விட்டதுதான் அவள் செய்த முதல் பிழை.

“மலரக்கா, எங்கட கையில என்ன ஊத்தையைக் கண்டனீங்கள்?” என்று ரிஸ்லா கேட்டாள். இறக்கக்கண்டிக் கடற்கரையில் பிறந்து, கலியாணம் செய்து ரவுண் பக்கம் வந்தவள். எதையும் சிரித்துக்கொண்டு கேட்கிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“அது கொம்பனிக்காரன் மெசினோட தந்த பலகை, ரிஸ்லா. சும்மா விளம்பரத்துக்கு.”

“அப்ப நாளைக்குப் பெட்டி கொண்டுவாறதோ, இல்லையோ?”

ஞானமலர் அடுப்பைப் பார்த்தாள். இன்றைக்குக் கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர்கள் வைத்தார்கள். ஊற்றி வைத்திருந்த பிளேன்ரீ மூன்றும் அப்படியே ஆறியது.

ஞானமலர் கெட்ட மனுசி இல்லை. புருசன் செத்தபிறகு தனியாக நின்று கடையை நடத்தித் தலைநிமிர்ந்தவள். மகன் டினேஷ் கட்டாரிலிருந்து அனுப்பியதைச் சேர்த்துவைத்துத்தான் அந்த மெசினை வாங்கினாள். மாவைக் குழைத்து மேலே போட்டால் போதும். கீழே தட்டுத் தட்டாகப் பிழிந்து தள்ளும். காய்ச்சல், மழை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று ஒருநாளும் நிற்காது. அரிசியும் தேங்காயும் விற்கிற விலையில் வேறு என்ன செய்வது என்று அவள் தனக்குத்தானே பலதடவை சொல்லிக்கொண்டாள். பலதடவை சொல்லவேண்டியிருந்தது.

கடைக்கு எதிரே ஸ்டோர்ஸ் இருந்தது. கப்பலில் குவியலாக வருகிற பருப்பையும் சீனியையும் பையில் நிரப்பி, நிறுத்து, தைத்து, லொறியில் ஏற்றுகிற பெரிய களஞ்சியம். அங்கே மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரும் பை தைக்கிற பெண்களும்தான் ஞானமலரின் வாடிக்கையாளர்கள். லோஜினியின் புருசன் கஜீபன் அங்கேதான் வேலை. ரிஸ்லாவின் புருசனும், அன்னலட்சுமியின் மகனும் அங்கேதான். இது ஞானமலருக்குத் தெரியாத விசயமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் வீட்டுக் குசினியையும் இந்தக் கடை மேசையையும் சேர்த்துவைத்து அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஸ்டோர்ஸின் மனேச்சர் சுகிர்தன் மெசினைப் பார்க்கவென்றே கடைக்கு வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்து, போனில் படமும் எடுத்தான். இந்த ரோட்டில் காலத்தோடு ஓடுகிற ஒரே ஆள் அன்ரிதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஞானமலருக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்ச நாளில், காலத்தோடு ஓடவேண்டும் என்ற அதே பேச்சை அவன் ஸ்டோர்ஸ் முற்றத்தில் ஆட்களை நிறுத்திவைத்துச் சொன்னான். அங்கேயும் ஒரு மெசின் வந்திருந்தது. தானே நிரப்பும், தானே நிறுக்கும், தானே தைக்கும். இரும்புக் கையொன்று மூட்டையைத் தூக்கி அடுக்கும். முக்கால்வாசிப் பேரை இனி வரவேண்டாம் என்றான். மிஞ்சின ஆட்களின் நாள் சம்பளத்தையும் குறைத்தான். ஏனென்று கேட்டவர்களுக்கு, வெளியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னான். வெளியில் காத்திருந்தவர்கள் அவனே வேலையை விட்டு அனுப்பிய ஆட்கள்.

பிறகு கடையில் சத்தம் குறைந்தது. முதலில் காலைச் சாப்பாட்டுக்கு வருகிற கூட்டம் போனது. அதன்பின் மத்தியானச் சோறு தேங்கியது. ஞானமலர் இடியப்பத்தின் விலையைக் குறைத்தாள். மெசின் இருக்கிற துணிவில் இன்னும் குறைத்தாள். சனம் வரவில்லை. அவள் கடை மட்டும் என்றில்லை. பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். கை காட்டி மறிக்க ஆளில்லாமல் அதே பாட்டோடு போய்விடும். பக்கத்துத் தையல்காரர் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துப் பொழுது போக்கினார். மிஞ்சின இடியப்பத்தை ஞானமலர் பின்வளவில் கொட்டினாள். ரவுண் வீதிகளில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்கள் மணம் பிடித்து வந்தன. பிறகு கடை திறக்கிற நேரம் தெரிந்து வந்து நின்றன. தையல்காரர், மானுக்குக் கடை நடத்துகிற ஒரே ஆள் இலங்கையிலேயே நீங்கள்தான் என்றார். அவள் அகப்பையைக் காட்டினாள். ஆனால் உள்ளே சுட்டது.

இப்படியிருக்கையில் சுகிர்தன் மறுபடி வந்தான். புது மெசினுக்குத் திறப்பு விழா. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். இடியப்பம், சொதி, சம்பல், மீன்குழம்பு என்று ஊர்ச் சாப்பாடாக ஒரு விருந்து வேண்டும் என்றான். விருந்து நல்லாய் அமைந்தால், ஸ்டோர்ஸுக்கு உள்ளேயே கன்ரீனை அன்ரிக்கு எழுதித்தருவதாகவும் சொல்லி, முற்பணமும் கொடுத்தான். ஞானமலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்ரீன் கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் வருசப்பிறப்புக்கு முன்னம் பூட்டவேண்டியதுதான். ஓம் என்றாள்.

அன்றைக்குப் பின்னேரமே, வேலை இழந்த ஆட்கள் தங்களைத் திருப்பி எடுக்கச் சொல்லி ஸ்டோர்ஸ் வாசல் கேற்றடியில் வந்து குந்தினார்கள்.

இடியப்பத்தை மெசின் பார்த்துக்கொள்ளும். தேங்காய் துருவ, சம்பல் இடிக்க, மீன் வெட்டக் கை வேண்டுமே. ஞானமலர் வெட்கத்தை விட்டுப் பாலையூற்றுக்குப் போனாள். லோஜினி வீட்டு முற்றத்தில் மூவரும் இருந்து, யாரோ ஒரு கடைக்காரனுக்குச் காய்ந்த செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கதிரை எடுத்துப் போட்டார்கள். தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது. வந்த விசயத்தைச் சொன்னாள்.

லோஜினி மிளகாயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “மெசினிட்டக் கேளுங்கோவன், அன்ரி. அது துருவாதோ?”

ஞானமலருக்குக் கோபம் வந்தது. “நீங்கள்தான் சனத்தை மறிச்சுப்போட்டியள். உங்கட ஆக்கள் ஒருத்தரும் என்ர கடைப் பக்கம் வாறேல்ல. எனக்குத் தெரியாதெண்டு நினையாதேங்கோ.”

“மறிச்சோ?” லோஜினி இப்போதுதான் நிமிர்ந்தாள். “நாங்கள் ஏன் மறிக்கவேணும்? முந்தி நீங்கள் எனக்குத் தந்த காசிலதான் என்ர மனுசனுக்குக் கைச்செலவுக்குக் குடுத்தனான். அவர் அதைக் கொண்டுவந்து உங்கட கடையிலதான் சாப்பிட்டவர். உங்கட காசு ஒரு சுத்துச் சுத்தி உங்களிட்டத்தான் வந்தது. நீங்கள் என்னை நிப்பாட்டினீங்கள். ஸ்டோர்ஸ் அவரை நிப்பாட்டினது. இப்ப உங்கட இடியப்பம் மலிவுதான், அன்ரி. கையில ஒண்டுமில்லாதவனுக்கு மலிவும் ஒரு விலைதானே.”

“ஸ்டோர்ஸ்காரன் செய்ததுக்கு என்னை ஏன் இழுக்கிறாய்?”

“அவர் செய்தது பெரிசு. நீங்கள் செய்தது சின்னன். வேற வித்தியாசம் எனக்குத் தெரியேல்ல.”

ஞானமலர் குரல் இறங்கி, அப்படியென்றால் மெசினைத் தூக்கி எறியவா சொல்கிறீர்கள் என்று கேட்டாள். பிழிந்து பிழிந்து அன்னலட்சுமிக்குத் தோள்மூட்டு இறுகிப்போனதைத் தானும் கண்டவள்தானே என்றாள்.

“எறியாதை, பிள்ளை,” என்றாள் அன்னலட்சுமி. “என்ர தோள் நோகாட்டி எனக்குச் சந்தோசம். ஆனா என்ர தோளைக் காட்டி மெசின் வாங்கிப்போட்டு, அதில வாற மிச்சத்தை நீ மட்டும் எடுத்தா அது என்ன ஞாயம்?”

ரிஸ்லா சிரித்தாள். “எங்கட இறக்கக்கண்டியில கரைவலை இழுத்தா, பட்ட மீனில முதல்ல வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு எடுப்பாங்க. அதுக்குப் பிறகு இழுத்த ஆளாளுக்குப் பங்கு. வலைக்குப் பங்கில்ல எண்டு ஒருத்தரும் சண்டைக்குப் போறதில்ல. அதேமாதிரி, வலையைப் பெரிசாக்கிப்போட்டன், இனி ஆக்களுக்குப் பங்கில்ல எண்டு எந்த வலைச் சொந்தக்காரரும் சொல்ல ஏலாது. சொன்னா அடுத்த நாள் கரையில தனியத்தான் நிப்பார். உங்கட மெசினும் ஒரு வலைதானே, மலரக்கா.”

ஞானமலர் எழும்பி வந்துவிட்டாள். கடைக்கு வந்தவள் ஒரு ஸ்ரூலைப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றி விறகோடு விறகாய்ப் போட்டாள். அது மனம் திருந்தினதா, ரோசமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் ஓட்டோ பிடித்துக்கொண்டு மறுபடியும் போனாள். இந்தமுறை கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்: மெசினுக்கு ஒரு பங்கு, பழுதானால் அதிலிருந்து திருத்துவோம், கடைக்கு ஒரு பங்கு, பிறகு நாலு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. முறை வைத்து வேலை செய்தால் ஒருவரும் விடியற்புறம் எழும்பிச் சாகத் தேவையில்லை.

“விருந்துக்கு மட்டுமோ, விருந்துக்குப் பிறகுமோ?” என்றாள் லோஜினி.

“பிறகும்தான். என்ர சொல் அது.”

“அப்ப வாறன். ஆனா சாப்பாட்டைக் கேற்றடி வரைக்கும்தான் தூக்குவன். என்ர மனுசன் வெளியில குந்தியிருக்க, நான் உள்ளுக்குப் போய்ப் பந்தி பரிமாற ஏலாது.”

கேற்றடிக்கு அப்பால் தான் என்ன செய்வது என்று ஞானமலரும் யோசித்திருக்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். ஒருத்தி மா போட, ஒருத்தி தட்டு மாற்ற, மெசின் தன்பாட்டுக்குப் பிழிந்தது. பலநாளைக்குப் பிறகு அந்தக் குசினியில் பகிடியும் சிரிப்பும் கேட்டன. மூன்று பிளேன்ரீயும் குடித்து முடிந்தது.

விழா நாள் காலை வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஸ்டோர்ஸுக்கு உள்ளே பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். இரும்புக் கையுள்ள மெசினுக்குச் சந்தனம் பூசி, ஆளுயர மாலையும் போட்டிருந்தார்கள். கேற்றுக்கு வெளியே தார்ரோட்டு ஓரத்தில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பெட்டிகளும் குழம்பு, சொதிச் சட்டிகளும் தட்டுகளும் தண்ணீருமாக நாலு பெண்களும் வருவதைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. கால்களை இழுத்து வழிவிட்டார்கள்.

“அன்ரியை விடுங்கோடா. அவவுக்கும் ஒரு கடை கிடக்குத்தானே,” என்று யாரோ ஒருத்தன் சொன்னான்.

திட்டியிருந்தால் ஞானமலர் விறுவிறென்று உள்ளே போயிருப்பாள். கேற்றடியில் லோஜினி சொன்னபடியே பெட்டியை இறக்கி வைத்தாள். மற்ற இருவரும் வைத்தார்கள். ஞானமலர் பெரிய பெட்டியைத் தலைக்கு ஏற்றப் பார்த்தாள், ஏலவில்லை. கஜீபன் எழும்பி வந்தான்.

“விடுங்கோ, அன்ரி. பாரம் தூக்கிறதுதானே எங்கட தொழில். நான் உள்ளுக்குக் கொண்டுபோய் வைச்சிட்டு வாறன்.”

பெட்டியை அவன் தோளில் ஏற்றினான். கேற்றுக் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். சாப்பாடு வரலாம், ஆள் வரக்கூடாது என்று உத்தரவு என்றான். கஜீபன் கோபப்படவில்லை. பெட்டியை மெதுவாக இறக்கி, இடியப்பம் நசியாமல் துணியைச் சரிசெய்துவிட்டு, தன் இடத்தில் போய்க் குந்தினான்.

ஞானமலர் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே மாலையோடு நிற்கிற மெசினைப் பார்த்தாள். பிறகு துணியை உருவினாள். தட்டை எடுத்து, இடியப்பம் வைத்து, சொதி ஊற்றி, சம்பலும் வைத்துக் கஜீபன் கையில் கொடுத்தாள். அடுத்தவனுக்குக் கொடுத்தாள். ரிஸ்லா ஒரு சொல்லும் கேட்காமல் குழம்புச் சட்டியைத் திறந்தாள். அன்னலட்சுமி தண்ணீர் கொடுத்தாள்.

சுகிர்தன் உள்ளேயிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான்.

“அன்ரி, என்ன வேலை பாக்கிறீங்கள்? விருந்தாளிகள் கை கழுவிப்போட்டு இருக்கினம்.”

“நீங்கள் முன்னுக்குத் தந்த காசு இந்தாங்கோ, தம்பி.” இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். “இந்தச் சாப்பாடு இப்ப என்ரது. நான் விரும்பின ஆக்களுக்குக் குடுப்பன்.”

“கன்ரீனை மறந்திடுங்கோ, சொல்லிப்போட்டன்.”

“மறந்திட்டன். பறிகொடுக்க எனக்கு இருந்தது அது ஒண்டுதான். இனி நீங்கள் என்னை எதைக் காட்டி வெருட்டப்போறீங்கள்?”

அவன் குரலைத் தணித்தான். இது கொழும்பில் எடுத்த முடிவு, நான் சம்பளத்துக்கு நிற்கிறவன் என்றான். மெசின் இல்லாமல் இந்தக் காலத்தில் ஸ்டோர்ஸ் நடத்த ஏலாது, உங்கள் குசினியிலும் ஒன்று நிற்கிறதுதானே என்றும் கேட்டான்.

“நிக்குதுதான். அதை வாங்கி இவையளை வீட்டுக்கு அனுப்பினது நான் செய்த அநியாயம். இப்ப அதுக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இவையளும் உங்களிட்ட மெசினைக் கழட்டச் சொல்லேல்ல. வேலையைக் கூறாக்கி, முறை வைச்சு எல்லாரையும் எடுங்கோ, வெட்டின சம்பளத்தைத் திருப்பித் தாங்கோ எண்டுதான் கேக்கினம்.”

“கொழும்பில இருந்தே மனேச்சர் வேலை பாக்கிற மெசினும் வரத்தான் போகுது, தம்பி,” என்றாள் ரிஸ்லா குழம்பை அள்ளிக்கொண்டே. “அப்ப நீங்களும் இஞ்சதான் வந்து குந்துவீங்க. உங்களுக்கும் ஒரு இடம் விட்டு வைக்கிறம்.”

வரிசையில் சிரிப்பு ஓடியது. சுகிர்தனுக்குக் காது சிவந்தது. உள்ளேயிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விருந்தாளிகளுக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்று அவன் ஞானமலரிடமே கேட்டான். கேட்டபிறகுதான் அது எவ்வளவு பரிதாபமான கேள்வி என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“மாலை போட்டு வைச்சிருக்கிறீங்களே, அந்த மெசினைப் பந்தியில இருத்துங்கோ. அது சாப்பிட்டு, காசும் குடுத்து, நாளைக்கும் வாறன் எண்டு சொன்னா எனக்கு ஒரு சொல் அனுப்புங்கோ. அண்டைக்கே கடையைப் பூட்டிறன்.” அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு அவள் அவனுக்கு நேரே நின்றாள். “மெசின் வரட்டும், தம்பி. ஆனா அது உழைக்கிறதில, அது தள்ளிவிட்ட கைக்கும் பங்கு இருக்கவேணும். இல்லாட்டி இண்டைக்கு இவையளுக்கு வேலை போகும், நாளைக்கு எனக்கு யாவாரம் போகும், நாளையிண்டைக்கு உங்கட பருப்பையும் சீனியையும் வாங்க ஊரில ஒரு சனம் இராது. நான் மானுக்குச் சோறு போட்டுப் படிச்ச பாடம் இது. நீங்களாவது மனிசரைப் பாத்துப் படியுங்கோ.”

சுகிர்தன் திரும்பிப் போகவில்லை. ஞானமலர் இன்னொரு தட்டில் இடியப்பம் வைத்து, சொதி ஊற்றி அவன் கையிலும் கொடுத்தாள். அவன் வாங்கிவிட்டான். வாங்கியபிறகு, அந்தத் தட்டோடு உள்ளே போவதா, ரோட்டோரம் இருப்பதா என்று தெரியாமல் கேற்றுக்கு நடுவில் நின்றான்.

“எந்தப் பக்கம் இருந்தும் சாப்பிடலாம், தம்பி,” என்றாள் ஞானமலர். “ஆனா காசு குடுத்து வாங்கிச் சாப்பிடுற சனம் இந்தப் பக்கத்திலதான் இருக்கு.”